எந்தக் கேள்விக்கு முதல் விடை? விரிவாக்கப் பணியில் வினாக்களை வரிசைப்படுத்தும் முறை

வட்டார வேளாண்மை அலுவலகத்தின் களப்பணியாளர் ஒருவர் காலை பத்து மணிக்குத் தம் மேசைக்கு வந்து அமரும்போது, அங்கே ஆறு கேள்விகள் காத்திருப்பதாகக் கொள்ளலாம். முதலாவது, இரண்டு நாட்களுக்கு முன் வந்த கடிதம்: அடுத்த பருவத்துக்கு மண் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது எவ்வாறு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாவது, முந்திய மாலை வந்த தொலைபேசிச் செய்தி: நெல் வயலில் பயிர் அங்கங்கே வட்ட வட்டமாகக் காய்கிறது. மூன்றாவது, பள்ளி ஆசிரியர் ஒருவர் அனுப்பிய படம்: பள்ளித் தோட்டத்து மக்காச்சோள இலைகளில் காகிதம்போல் வெளுத்த திட்டுகள். நான்காவது, தாழ்வாரத்தில் வந்து அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவர். சொட்டுநீர்ப் பாசன மானியத்துக்குரிய படிவம் பற்றி அவர் விரிவாகப் பேச வேண்டும். ஐந்தாவது, அறுத்து வயலில் காயப்போட்ட நெற்கதிர் இரவு மழையில் நனைந்துவிட்டது, காப்பீட்டில் ஏதேனும் கிடைக்குமா என்னும் கேள்வி. ஆறாவது, ஒரு சிறுவன் தந்தையின் கைப்பேசியிலிருந்து அனுப்பிய இரண்டு வரிகள்: நேற்றுப் பருத்திக்கு மருந்து அடித்த அப்பாவுக்குக் காலையிலிருந்து வாந்தி, கண் மங்குகிறது, என்ன கொடுக்கலாம்?

வந்த வரிசையிலேயே விடை கூறத் தொடங்கினால் சிறுவனின் முறை வருவதற்குள் நண்பகல் ஆகிவிடும். முன் வந்தவருக்கு முன் என்பது நேர்மையான முறையே. பயணச்சீட்டு வழங்கும் இடத்திலும் நியாய விலைக் கடையிலும் அதனினும் சிறந்த முறை இல்லை. அங்கே நிற்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டுவது ஏறத்தாழ ஒரே பொருள். காத்திருப்பதால் ஒவ்வொருவருக்கும் நேரும் இழப்பும் ஏறத்தாழ ஒன்றே. கேள்விகள் அத்தன்மையன அல்ல. ஒன்றின் விடை ஒரு மாதம் கழித்துக் கிடைப்பினும் பயன்படும். மற்றொன்றின் விடை ஒரு மணி நேரம் தாமதித்தால் எதற்கும் உதவாது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் எல்லாக் கேள்விகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவது பார்வைக்குச் சமநீதியாகத் தோன்றினும், அதன் சுமை மிகவும் இடுக்கணில் உள்ளவர்மீதே சென்று விழுகிறது.

மருத்துவத் துறையில் இச்சிக்கல் நெடுங்காலமாக அறியப்பட்டதாகும். நெப்போலியனின் படையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய டொமினிக் ழான் லாரே என்பவர், காயமுற்றோரை அவர்கள் வகிக்கும் பதவியைப் பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்தே கவனிக்க வேண்டும் என்னும் விதியைப் போர்க்களத்தில் கையாண்டார். இக்காலப் பெரிய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் நோயாளரை வாயிலிலேயே தரம் பிரிக்கும் வழக்கம் அதன் வழிவந்ததே. விரிவாக்கப் பணியில் இத்தகைய விதி எழுத்தில் இருப்பது அரிது. அனுபவம் மிக்க பணியாளர் அதனைத் தம் மனத்திலேயே வைத்திருப்பார். புதியவரோ பல தவறுகளுக்குப் பின்னரே கற்றுக்கொள்கிறார்.

விடையின் ஆயுள்

ஒரு கேள்வி வந்தவுடன் பணியாளர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது, இதன் விடை எப்போது பயனற்றதாகும் என்பதே. கேட்டவர் எவ்வளவு உரத்த குரலில் கேட்டார், எத்தனை முறை நினைவூட்டினார் என்பவை அதற்கு அடுத்தபடியாகவும் வரத் தக்கவை அல்ல. மேற்கூறிய ஆறு கேள்விகளையும் இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

சிறுவனின் கேள்வி உண்மையில் வேளாண்மைக் கேள்வியே அன்று. கரிமப் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் உடம்பில் ஏறினால் வாந்தி, மிகுந்த வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு, கண்மணி சுருங்கிப் பார்வை மங்குதல் ஆகிய அறிகுறிகள் தோன்றும். முற்றினால் மூச்சு தடைப்படும். விடை ஒரே நிமிடத்தில் கூறத் தக்கது: குடிக்க எதையும் கொடுக்க வேண்டாம், வாந்தியை வரவழைக்க வேண்டாம், மருந்து பட்ட உடைகளை நீக்கி, உடம்பைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மருந்துப் புட்டியையோ அதன் மேலுறையையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவர்கள் புறப்பட்டுவிட்டார்களா என்று சிறிது நேரத்தில் மீண்டும் கேட்டறிவதும் அவ்விடையைச் சேர்ந்ததே. 2017-இல் மகாராஷ்டிர மாநிலத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து தெளித்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் நஞ்சேறி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இருபது பேருக்கு மேல் உயிரிழந்தனர். மருந்து தெளித்தபின் உடல்நலக் குறைவு என்னும் பொருள்படும் எந்தச் செய்தி வந்தாலும், கையில் உள்ள வேலையை அவ்விடத்திலேயே நிறுத்திவிட்டு அதனைக் கவனிப்பது கடமையாகும்.

அடுத்து நிற்க வேண்டியது காப்பீட்டுக் கேள்வி என்றால் பலருக்கு வியப்பாக இருக்கக்கூடும். படிவமும் கையொப்பமும் பற்றிய கேள்விகளை மாலைக்கு ஒதுக்கி வைப்பது அலுவலக வழக்கம். ஆயினும் 2016-இல் தொடங்கப்பெற்ற பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் உள்ள இடங்களில், அறுத்து வயலில் உலர்த்தப்பட்ட விளைச்சல் பருவம் தவறிய மழையால் கெடுமாயின், பதிவு செய்த விவசாயி அவ்விழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். இக்கணக்கு மழை பெய்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. கேள்வி அலுவலகத்துக்கு வந்த நேரத்திலிருந்து அன்று. தகவல் கொடுக்க வேண்டிய இடத்தையும் கால எல்லையையும் சொல்வதற்கு இரண்டு நிமிடமே ஆகும். அவ்விரண்டு நிமிடம் நான்காம் நாள் செலவிடப்பட்டால் ஒரு குடும்பத்தின் அப்பருவ உழைப்புக்கு ஈடு கிடைக்காமல் போகலாம்.

நெற்பயிர் வட்ட வட்டமாகக் காய்வது புகையானின் அடையாளமாக இருத்தல் கூடும். இத்தத்துப்பூச்சி தூரின் அடிப்பகுதியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாற்றை உறிஞ்சுவதால், வரப்பில் நின்று பார்ப்பவருக்குத் தென்படுவதில்லை. பயிர் காய்ந்த பின்னரே கவனத்துக்கு வருகிறது. தூருக்கு ஒரு பூச்சி என்பது நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவாகக் கொள்ளப்படுகிறது. பூச்சியைத் தின்னும் சிலந்திகள் குத்துக்கு ஒன்று வீதம் இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இக்கேள்விக்குரிய கால அளவு சில நாட்களே. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அவசரப்பட்டுத் தொலைபேசியிலேயே ஏதேனும் ஒரு மருந்தின் பெயரைச் சொல்லிவிடுவது விடை கூறாமலிருப்பதைவிடத் தீயதாக முடியலாம். செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகள் புகையானின் இயற்கைப் பகைகளை அழித்து, பூச்சி முன்னிலும் பெருகுவதற்கு இடமளிக்கின்றன என்பது பல இடங்களில் கண்டறியப்பட்டதாகும். ஆகவே உடனே கூறத் தக்கது, வயலின் நீரை வடித்துவிட்டுத் தூரைப் பிரித்து அடியில் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே. முழு விடை அன்றோ மறுநாளோ வயலில் நின்று கூறப்பட வேண்டியது. ஒரே கேள்விக்கு ஒரு நிமிட விடை ஒன்றும் அரைநாள் விடை ஒன்றும் இருப்பது அரிதன்று. முன்னதை உடனே கொடுத்துவிட்டால் பின்னதற்குச் சற்று அவகாசம் கிடைக்கிறது.

ஆசிரியர் அனுப்பிய மக்காச்சோளப் படம் இவ்வரிசையில் எளிதாகக் கடைசிக்குத் தள்ளப்படும். அது யாருடைய வயலும் அன்று. இழப்பு என்று சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. ஆனால் இலையின் பச்சை சுரண்டப்பட்டுக் காகிதம்போல் நிற்கும் திட்டுகள் படைப்புழுவின் இளம்பருவத்தைக் காட்டக்கூடியவை. இப்புழு முட்டையிலிருந்து இரண்டு மூன்று நாட்களில் வெளிவருகிறது. இரண்டு மூன்று வாரம் புழுவாக இருக்கிறது. தான் தின்னும் மொத்த உணவின் பெரும்பகுதியைக் கடைசி வளர்ச்சிப் படிகளிலேயே தின்கிறது. வெளுத்த திட்டு மட்டும் காணப்படும்போது இன்னும் காலம் இருக்கிறது. பெரிய ஓட்டைகளும் குருத்தினுள் எச்சக் குவியலும் காணப்பட்டால், மருந்து புழுவைச் சென்றடைவது கடினம். பள்ளித் தோட்டத்தில் தோன்றியது அடுத்த வயலில் இல்லாமல் இராது. எனவே இக்கேள்வியைக் கேட்டவர் ஒருவராயினும், இதன் விடைக்கு உரியவர் ஊரிலுள்ள மக்காச்சோள விவசாயிகள் அனைவருமாவர்.

எஞ்சியவை இரண்டு. மண் மாதிரியை அறுவடைக்குப் பின், அடுத்த பயிருக்கு எரு இடும் முன் எடுக்க வேண்டும். வயற்பயிர்களுக்கு ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி அதன் பக்கத்திலிருந்து மண் சுரண்டப்படுகிறது. கேட்டவர் அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் இருப்பின் விடை வாரக் கடைசியில் சென்றாலும் போதும். மானியப் படிவமும் இத்தகையதே. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, பெரியவருக்கு வேறொரு நேரம் குறித்துக் கொடுக்கலாம். நடைமுறையில் நிகழ்வதோ இதற்கு நேர்மாறானது. அவர் எதிரே அமர்ந்திருக்கிறார், ஊரில் மதிப்புள்ளவர், அவரைக் காத்திருக்கச் செய்வது மரியாதைக் குறைவாகத் தோன்றுகிறது. கடிதத்துக்குக் கனைக்கத் தெரியாது. கண்ணெதிரே இருப்பவரின் கேள்வி, இல்லாதவரின் கேள்வியைத் தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடுகிறது என்பதைப் பணியாளர் அறிந்திருந்தால்தான் அதனைத் தடுக்க இயலும்.

வரிசையின் கணக்கு

காத்திருப்பு என்பது மனப்போக்கைப் பொறுத்தது மட்டும் அன்று. அதற்குக் கணிதமும் உண்டு. கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங் 1909-இல் வெளியிட்ட ஆய்வுடன் இத்துறை தொடங்கியது எனலாம். அதன் முடிவுகளில் ஒன்றை ஒவ்வொரு அலுவலகமும் தெரிந்துகொள்வது நலம்.

ஓர் ஆள் ஒரு கேள்விக்கு விடை கூறச் சராசரி 8 நிமிடம் ஆகிறது எனவும், மணிக்கு 6 கேள்விகள் ஒழுங்கின்றி முன்னும் பின்னுமாக வருகின்றன எனவும் கொள்க. மணிக்கு 48 நிமிடம் வேலை, 12 நிமிடம் ஓய்வு. எல்லாம் நன்றாக நடப்பதாகத் தோன்றும். ஆயினும் கேள்விகள் சீராக வராமையாலும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் கூடிக் குறைவதாலும், ஒரு கேள்வி தன் முறைக்காகச் சராசரி 32 நிமிடம் காத்திருக்க நேரிடுகிறது. மணிக்கு 6 என்பது 7 ஆகட்டும். வேலை 56 நிமிடமாகத்தான் உயர்கிறது. காத்திருப்போ 112 நிமிடமாகிறது. ஒரே ஒரு கேள்வி கூடுவதால் காத்திருப்பு மூன்றரை மடங்காகப் பெருகுவது, பருவ உச்சத்தில் அலுவலகங்கள் ஏன் திடீரென்று நிலைகுலைகின்றன என்பதை விளக்குகிறது. பணியாளர் சோம்பியிருப்பதாகக் குற்றம் சாட்டப்படும் நாட்களில் அவர் மணிக்கு நான்கு நிமிடமே ஓய்ந்திருந்தார் என்பது பெரும்பாலும் எவருக்கும் தெரிவதில்லை.

இந்நிலையில் முன்னுரிமை அளிப்பதால் விளையும் பயனை 1954-இல் ஆலன் காபம் என்பவர் கணக்கிட்டுக் காட்டினார். மணிக்கு வரும் 7 கேள்விகளில் ஒன்று மட்டும் அவசரமானது எனக் குறிக்கப்பட்டு, கையில் உள்ளது முடிந்தவுடன் அதுவே எடுத்துக்கொள்ளப்படுமாயின், அவ்வவசரக் கேள்வியின் காத்திருப்பு 112 நிமிடத்திலிருந்து ஏறத்தாழ 9 நிமிடமாகக் குறைகிறது. மற்ற ஆறும் 112-க்குப் பதிலாக 129 நிமிடம் காத்திருக்கின்றன. அவை இழப்பது தலைக்கு 17 நிமிடமே. ஒன்று பெறுவது ஒன்றே முக்கால் மணி நேரம். புதிதாக ஆள் எவரும் அமர்த்தப்படவில்லை. பணம் எதுவும் செலவாகவில்லை.

இதே கணக்குக்கு மறுபுறமும் உண்டு. இரக்கத்தாலோ அச்சத்தாலோ பணியாளர் ஏழில் ஆறு கேள்விகளுக்கு ‘அவசரம்’ என்னும் முத்திரையைக் குத்திவிடுகிறார் என்றால், அவசரக் கேள்விகள் 9 நிமிடத்துக்குப் பதிலாக 37 நிமிடம் காத்திருக்கும். எஞ்சிய ஒன்று 560 நிமிடம், அதாவது ஒன்பது மணி நேரத்துக்கு மேல், காத்திருக்கும். அது அன்று பார்க்கப்படாது என்பதே இதன் பொருள். அவசரம் என்னும் சொல் சிக்கனமாகப் பயன்படுத்தப்படும் வரையில்தான் சிறுவனின் தந்தைக்கு அதனால் நன்மை உண்டு. மேலதிகாரியின் குறிப்புடன் வரும் தாள்கள் அனைத்தும் சிவப்பு மையால் அடிக்கோடிடப்படும் அலுவலகங்களில், அடிக்கோடு எதையும் உணர்த்துவதில்லை.

ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்ப்பது 1956-இல் டபிள்யூ. இ. ஸ்மித் கூறிய விதி. தாமதத்தால் நிமிடந்தோறும் நேரும் இழப்பை, விடைக்கு வேண்டிய நிமிடங்களால் வகுத்து, ஈவு பெரியதாக உள்ளதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவ்விதி. எடுத்துக்காட்டாக, ஒரு கேள்வியின் இழப்பு நிமிடத்துக்கு 3 பங்கு, விடைக்கு வேண்டியது 30 நிமிடம். மற்றொன்றின் இழப்பு நிமிடத்துக்கு 1 பங்கு, வேண்டியது 5 நிமிடம். பெரியதை முதலில் எடுத்தால் மொத்த இழப்பு 90-உம் 35-உம் சேர்ந்து 125. சிறியதை முதலில் எடுத்தால் 5-உம் 105-உம் சேர்ந்து 110. இழப்புகளைப் பணியாளர் இவ்வாறு எண்ணால் அளந்துகொண்டிருக்க இயலாது என்பது உண்மையே. அளக்க முயல்வதும் வீண். ஆனால் ஒரு நிமிடத்தில் முடியும் விடைகளை முதலில் கொடுத்து அனுப்புவதற்கு இக்கணக்கு போதிய ஆதாரமாகும். காப்பீட்டுக் கேள்வி இரண்டாம் இடத்துக்கு வந்ததற்குக் காரணம் அதன் கால எல்லை மட்டுமன்று. அது இரண்டு நிமிடத்தில் முடியக்கூடியதும் ஆகும்.

காத்துக்கொண்டே இருக்கும் கேள்வி

முன்னுரிமை முறையின் பெரிய குறை ஒன்று உண்டு. மண் பரிசோதனை பற்றிய கடிதம் இன்று பின்னால் வைக்கப்படுகிறது, அது நியாயமே. நாளை வேறு அவசரங்கள் வரும். நாளை மறுநாளும் வரும். ஒவ்வொரு நாளும் சரியான காரணத்துக்காகவே பின்தள்ளப்பட்ட கடிதம், ஒரு மாதம் கழிந்தபின் விடையே இன்றிக் கிடக்கிறது. அதற்குள் அவர் வயலில் எரு இட்டு உழுதிருப்பார். அன்று செல்லும் விடையால் பயனில்லை. இன்னொரு முறை அவர் எழுதமாட்டார். கேள்வி கேட்பவர்களை ஓர் அலுவலகம் இழப்பது பெரும்பாலும் இவ்வழியிலேதான்; தவறான விடைகளால் இழப்பது அதனினும் குறைவாகவே இருக்கும்.

இதற்கு மாற்றாக, காத்திருக்கும் நேரமே ஒரு கேள்வியின் எடையைப் படிப்படியாகக் கூட்டும்படி அமைத்தல் வேண்டும். லெனார்டு கிளைன்ராக் 1964-இல் இத்தகைய வரிசையை ஆராய்ந்து எழுதினார். களப்பணிக்கு அக்கணிதம் வேண்டுவதில்லை. ஒரு பதிவேடு போதும். கேள்வி வந்த நாளுக்கு எதிரே, விடை பயனற்றதாகும் நாள் எது என்றும் எழுதி வைக்கலாம். மாலையில் ஏட்டை மூடும் முன், விடை பெறாதவற்றை மறுநாள் பக்கத்தில் கையாலேயே மீண்டும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் முறை எழுதும்போது கை தானே சலித்து அதற்கு விடை காணத் தூண்டும். கணினியில் பதிவு செய்யும் அலுவலகங்களில் இச்சலிப்பு ஏற்படுவதில்லை என்பது ஒரு குறையே.

விடை தெரியாமையாலும் கேள்விகள் தேங்குகின்றன. தெரியாததை மேசையில் வைத்துக்கொண்டு தேடுவதைவிட, தெரிந்தவரிடம் அன்றே அனுப்புவதே முறை. 2004 ஜனவரி 21-இல் தொடங்கப்பெற்ற கிசான் கால் சென்டர் அமைப்பு இவ்வடிப்படையில் அமைந்ததாகும். 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணில், காலை 6 முதல் இரவு 10 வரை, 22 மொழிகளில், வேளாண்மைப் பட்டதாரிகள் முதலில் விடை கூறுகின்றனர். அவர்களால் இயலாதவை துறை வல்லுநர்களுக்கு அனுப்பப்படுகின்றன. 1974-இல் புதுச்சேரியில் முதலாவது தொடங்கி, இன்று நாடெங்கும் 700-க்கு மேல் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களும் இத்தகைய கேள்விகளுக்கு உரிய இடங்கள். அனுப்பிய செய்தியைக் கேட்டவருக்குத் தெரிவிப்பதை மட்டும் மறத்தலாகாது.

குறைபட்ட கேள்வி

‘இலை மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?’ என்பதுபோன்ற கேள்விகள் ஏராளம். இவற்றுக்கு விடை கூற இயலாது; ஆகவே இவை ஒதுக்கி வைக்கப்படுகின்றன. உண்மையில் இவையே முதலில் தொடப்பட வேண்டியவை. விடைக்காக அன்று, திருப்பிக் கேட்பதற்காக. அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவை நினைக்கலாம். குருத்திலைகள் முதலில் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவை நினைக்கலாம். வட இந்தியாவின் தராய்ப் பகுதியில் நெல்லில் தோன்றிய கைரா நோய், துத்தநாகக் குறைவால் வருவது என்று 1966-இல் பந்த்நகரில் ஒய். எல். நேனே கண்டறிந்தார்; நட்டபின் இரண்டு மூன்று வாரத்தில் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றுவது அதன் அடையாளம். ஆகவே பயிர் எது, நட்டு எத்தனை நாள், எந்த இலையில் முதலில் தோன்றியது, வயல் முழுதுமா திட்டுத் திட்டாகவா, கடைசியாக இட்டது அல்லது தெளித்தது என்ன என்னும் ஐந்து விவரங்களைக் கேட்டு எழுதும் செய்தி ஒரு நிமிட வேலை. அதைக் காலையிலேயே அனுப்பிவிட்டால், விவசாயி வயலுக்குச் சென்று பார்த்து மாலைக்குள் பதில் அனுப்புவார். மாலையில் அனுப்பினால் ஒரு முழு நாள் வீணாகும்.

ஒரே கேள்வி பல ஊர்களிலிருந்து வருவது வேறு வகை அடையாளம். அதற்குத் தனித்தனியே விடை எழுதிக்கொண்டிராமல், ஒரே அறிவிப்பாக எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் பால் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டுவது காலத்தை மிச்சப்படுத்தும். செவ்வாயும் வெள்ளியும் வெளிவரும் வேளாண் வானிலை அறிக்கையுடன் ஒப்பிட்டு அவ்வறிவிப்பை எழுதுவது நலம். மழை வருமென்று அறிந்த நாளில் யூரியா இடச் சொல்லும் விடை, எவ்வளவு விரைவில் சென்றாலும் நல்ல விடை அன்று.

இதற்கு நேர் எதிரானது, எவரும் முன்பு கேட்டிராத ஒற்றைக் கேள்வி. படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2018 மே மாதத்தில், கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதி மக்காச்சோள வயல்களில். மிகக் குறுகிய காலத்தில் அது பல மாநிலங்களுக்குப் பரவியது. புதிய பூச்சி ஒன்று வரும்போது அதன் பெயருடன் வருவதில்லை. ‘இதுவரை பார்த்திராத புழு’ என்று யாரோ ஒருவர் சொல்வதாகத்தான் வருகிறது. அச்சொற்றொடர் காணப்படும் கேள்வியை எண்ணிக்கை குறைவு என்பதற்காகப் பின்னுக்கு வைத்தல் தகாது.

வகுப்பறையில்

ஆசிரியர்களுக்கும் இதே நிலை நாள்தோறும் நேர்கிறது. நாற்பது மாணவர் உள்ள வகுப்பில், பாட வேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் எழும் கேள்விகள் அனைத்துக்கும் விடை கூற இயலாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி, அடர் கந்தக அமிலத்தில் நீரை ஊற்றலாமா என்று கேட்டால், வேறு எவர் பேசிக்கொண்டிருப்பினும் அவளுக்கே முதலில் விடை சொல்ல வேண்டும்: நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அடுத்த இடம், விளங்காவிட்டால் நாளைய பாடம் முழுவதும் விளங்காமற்போகும் கேள்விக்கு. ஒளிச்சேர்க்கையில் செடி மண்ணையே உணவாகக் கொள்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும் மாணவருக்கு, அதன்பின் கூறப்படும் எதுவும் பொருந்தாது. ஆர்வத்தால் எழும் தொலைதூரக் கேள்விகள் ஒரு பெட்டியில் எழுதிப் போடப்பட்டு வாரம் ஒரு நாள் எடுத்துக்கொள்ளப்படலாம். அந்நாள் தவறாமல் வருமாயின் மாணவர் காத்திருக்கத் தயங்குவதில்லை. எப்போதும் கையுயர்த்தும் மூவர் நால்வரின் கேள்விகளே வகுப்பின் கேள்விகள் என்று கொள்ளப்படும் தவறையும் இப்பெட்டி ஓரளவு தடுக்கிறது. பின்வரிசை மாணவர் பேசத் தயங்குவதை எழுதத் தயங்குவதில்லை.

பள்ளித் தோட்டத்து மக்காச்சோளம் பற்றிக் கேட்ட ஆசிரியருக்குப் பணியாளர் முற்பகலிலேயே அனுப்பத் தக்க விடை சுருக்கமானது. மாணவரை ஐந்து குழுவாகப் பிரித்து, அருகிலுள்ள மக்காச்சோள வயலில் உரிமையாளரின் இசைவுடன் ஐந்து இடங்களில், இடத்துக்கு 20 செடி வீதம் குருத்தைப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம். வெளுத்த திட்டு உள்ளவை எத்தனை, ஓட்டை விழுந்தவை எத்தனை, புழு கண்ணில் பட்டவை எத்தனை என்று மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பார்த்தது நூறு செடியாதலால் அவ்வெண்களே சதவிகிதமாகவும் அமையும். மறுநாள் காலை அம்மூன்று எண்களுடன் வரும் கேள்விக்கு விடை கூற இரண்டு நிமிடம் போதும்.